இலவசக் கல்வி ஐந்து வயதில்தான் தொடங்க வேண்டுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளிகளான வெட்டுப்புள்ளிகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையையும், அதற்கு வாசகர்கள் எழுதிய பதில்களையும் படித்தேன். இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிடும் மாவட்டக் கோட்டா நியாயமா இல்லையா என்றே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் முதலாம் தரப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குக் கேட்க இருப்பது வேறு: பாடசாலைக்கு வருமுன் மூன்று, நான்கு வயதில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியது.

கோட்டாவை நான் எதிர்க்கவில்லை. பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற ஏற்பாட்டில் எங்கள் மாவட்டமும் பயன் பெறுகிறது. ஆனால் அந்தக் கணக்கு யாருக்கு? உயர்தரம் வரை வந்து, கணிதமோ விஞ்ஞானமோ எடுத்துப் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு. நாட்டில் பத்தாயிரத்துக்கும் அதிகமான அரசுப் பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் அவற்றில் சுமார் ஆயிரம்தான். அதில் ஓர் இடம் கிடைக்க முதலில் பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், மூன்றிலாவது திறமைச் சித்தி வேண்டும். கணிதத்தில் தவறும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பதினோராம் தரத்தில் வந்த குறை அல்ல அது. நாலாம், மூன்றாம் தரங்களிலேயே அவர்களுக்குக் கணக்கு விட்டுப்போயிருக்கும்.

மூன்றாம் தரத்தில் ஏன் விட்டுப்போகிறது என்பதை நான் முதலாம் தரத்து வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் வயது ஐந்துதான். சிலருக்குப் பென்சில் பிடிக்கத் தெரியும். நிறம், எண்ணிக்கை தெரியும். பாட்டுப் பாடும், சின்னக் கதை ஒன்றைக் கோவையாகச் சொல்லும். இவர்கள் நல்ல நர்சரியில் இரண்டு வருடம் இருந்தவர்கள். மற்றவர்களுக்குக் கத்தரிக்கோல் புதிது, வரிசை புதிது, வெளியே போக வேண்டும் என்று டீச்சரிடம் கேட்பதுகூடப் பயம். மந்தமான பிள்ளைகள் அல்ல இவர்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குத் தாய் போகும்போது, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுப் போன பிள்ளைகள். அங்கே பார்த்துக்கொள்கிற அக்காமார் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் கைக்குழந்தைகளையும் பார்த்து, சாப்பாடும் கொடுத்து, நான்கு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசவும் விளையாடவும் அவர்களுக்கு எங்கே நேரம்?

முன்னால் நிற்பவர்களுக்கும் பின்னால் நிற்பவர்களுக்கும் ஒரே புத்தகத்தை ஒரே வேகத்தில் படிப்பிக்க வேண்டும். தவணை முடியும்போது ஒரு பகுதியினர் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். மற்றவர்கள் ஐந்தாம் தரம் வரைக்கும் அந்த இடைவெளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் புலமைப்பரிசில் பரீட்சை வரும். வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போகட்டும் என்று ஏற்பட்ட பரீட்சை அது. இன்று டியூசனுக்கும் மாதிரி வினாத்தாள்களுக்கும் செலவழிக்க முடிந்த வீடுகளின் பந்தயமாகிவிட்டது. அதை நிறுத்துவதா வைத்திருப்பதா என்ற சண்டை வருடா வருடம் நடக்கிறது. நிறுத்தினாலும் வைத்திருந்தாலும், முதலாம் தரத்திலேயே பின்தங்கிய பிள்ளைக்கு எதுவும் மாறப்போவதில்லை என்பதே என் கவலை.

அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் குழு 1943இல் கொடுத்த அறிக்கை, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக வேண்டும் என்றது. 1945 அக்டோபர் முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கு அந்தப் பயன் அப்போது வரவில்லை. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்க எழுபதுகள் வரை காத்திருந்தோம். பிறகு 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடை. பல்கலைக்கழகம் போனால் மகாபொல உதவித்தொகை. இவற்றால் படித்து வந்த பிள்ளைகளை எனக்கு நேரில் தெரியும். இந்த நாடு செய்த மிக நல்ல காரியம் இது என்று எங்கும் சொல்வேன். ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை இந்தக் கணக்கில் இல்லை. கட்டாயக் கல்வி வயது ஐந்தில் தொடங்கிப் பதினாறில் முடிகிறது. அதற்கு முன் மாதக் கட்டணம் கட்ட முடிந்தால் முன்பள்ளி, முடியாவிட்டால் வீடு.

யாரிடம் கேட்பது என்பதும் தெளிவில்லை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாண சபையின் வேலை. எங்கள் மத்திய மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்தது, 2018இல் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநரின் நிர்வாகம் என்று வருடங்கள் போயின. சிறுவர் செயலகம் ஓர் அமைச்சின் கீழ், பாடசாலை வேறோர் அமைச்சின் கீழ். தோட்டத்தில் அதை நடத்தும் கம்பனிக்கும் ஒரு பங்கு. முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கும் கொடுப்பனவு பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்குமே போதாது. நல்ல இளம் ஆசிரியைகள் அந்த வேலையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போவதை எப்படிக் குறை சொல்வது?

முன்பள்ளியைப் பாடசாலையோடு சேர்க்க வேண்டும் என்பதே என் யோசனை. அப்படிச் சேர்த்தால் நான்கு வயதிலேயே எழுத்து, டெஸ்ட், வீட்டுப்பாடம் என்று தொடங்கிவிடுவார்கள் என ஆசிரிய நண்பர்கள் பயப்படுகிறார்கள். சரியான பயம்தான். இப்போதே சில தனியார் நர்சரிகளில் அதுதான் நடக்கிறது, பெற்றோரும் அதையே கேட்கிறார்கள். ஆகவே அந்த முன்பள்ளி வகுப்பில் பரீட்சையும் எழுத்துப் பயிற்சிக் கொப்பியும் இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கையிலேயே எழுதி வைக்க வேண்டும்.

என் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையிலும் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வருட வகுப்பு, கட்டணம் இல்லாமல். பயிற்சி பெற்ற ஆசிரியை, அரச சம்பளத்துடன். தோட்டப் பகுதிகளில் வகுப்பு நேரம் தாய்மாரின் வேலை நேரத்தோடு பொருந்த வேண்டும், பிள்ளைக்கு ஒரு வேளை சாப்பாடும் வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே நாளில் முடியாது என்றால், பின்தங்கியவை என்று அந்த 5 வீதத்துக்காக அரசே பட்டியலிட்ட மாவட்டங்களில் முதலில் தொடங்கட்டும். அடுத்த வெட்டுப்புள்ளி விவாதத்துக்கு முன் உங்கள் நிருபர்கள் இரண்டு மூன்று தோட்டங்களின் பிள்ளை மடுவங்களுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.