எந்தக் கையை எடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அதிகக் காப்புரிமை பெற்ற நிறுவனங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நிறுவனத்துக்கு எத்தனை என்று விவரமாகவே இருந்தது. கண்டுபிடித்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

கோவையில் ஒரு மிக்ஸி கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பிரிவில் ஆறு பேர், ஆறு பேரும் ஆண்கள். மோட்டார் எத்தனை வாட்ஸ், எவ்வளவு நேரத்தில் சூடாகிறது, இதுதான் எங்கள் பேச்சு. ஒருநாள் அசெம்பிளி லைனில் இருந்த ஓர் அக்கா ஜாரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “ஒரு கை மூடியை அமுத்திப் பிடிக்கோணும், இன்னொரு கை சுவிட்சைத் திருகோணும். அடுப்புல பால் பொங்குனா எந்தக் கையைங்க எடுக்கறது?” என்றார். எங்களில் யாரும் காலை அவசரத்தில் சட்னி அரைத்ததில்லை. பதில் தெரியாமல் நின்றோம்.

மூடியை இரண்டு பக்கமும் பூட்டும் கொக்கி அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. கொக்கி எங்கே வர வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியதும் அவர்தான். காப்புரிமை விண்ணப்பத்தில் மூன்று பேர் பெயர் போனது. என் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் 1953-ல் நடந்ததைப் பாருங்கள். ஆய்வகத்தில் ஒரு ரசாயனம் உதவியாளரின் கேன்வாஸ் ஷூவில் சிந்திவிட்டது. சோப்புப் போட்டாலும் போகவில்லை. ஷூ முழுக்க அழுக்கேற, சிந்திய இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அங்கே வேதியியலாளராக இருந்த பேட்ஸி ஷெர்மன் என்ற பெண் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். சக வேதியியலாளர் சாமுவேல் ஸ்மித்தோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் துணியில் கறை பிடிக்காமல் காக்கும் ஸ்காட்ச்கார்ட். ஆனால் துணி ஆலையில் அதைச் சோதித்தபோது பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. தான் கண்டுபிடித்த பொருளின் முடிவைத் தெரிந்துகொள்ள அவர் வெளியே காத்திருந்தார். அவரை ஆய்வகத்துக்குள்ளும் விடாமல் இருந்திருந்தால், அந்த ஷூவை யாராவது குப்பையில் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பெண்கள் இல்லாத இடத்தில் சில கண்டுபிடிப்புகள் வராமலே போகும் என்பது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. 1976 முதல் 2010 வரையிலான அமெரிக்க மருத்துவக் காப்புரிமைகளை அலசிய ஓர் ஆய்வு 2021-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்களைவிட, பெண்கள் மட்டுமே உள்ள குழுக்கள் பெண்களின் உடல்நலத்துக்கான கண்டுபிடிப்பில் இறங்கும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். ஆனால் 2019-ல் அங்கே காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பாளர்களில் பெண்கள் 12.8 சதவீதம்தான். வராமல் போன மருந்துகளும் கருவிகளும் எத்தனையோ!

நம் நாட்டில் 2019-ல் காப்புரிமை விதியைத் திருத்தி, பெண் விண்ணப்பதாரர்கள் தங்கள் விண்ணப்பத்தைச் சீக்கிரம் பரிசீலிக்கும்படி கேட்கலாம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒன்றைக் கண்டுபிடித்தால், பெரும்பாலும் விண்ணப்பிப்பது கம்பெனி. கண்டுபிடித்தவர் பெண் என்பதற்காக மட்டும் அந்தச் சலுகை வராது. சரி, அதை அரசு பார்த்துக்கொள்ளட்டும். உண்மையில் யோசித்தவரின் பெயரை எழுத எந்தக் கம்பெனிக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. அவர் டிப்ளமோ படித்தவரா, லைனில் நிற்பவரா என்று படிவம் கேட்பதில்லை.

கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் ஒவ்வொரு காப்புரிமை ஆவணத்திலும் இருக்கின்றன. அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது, எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று இன்னொரு கட்டமும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வடிவமைப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.