எந்தத் துறையிலும் அடங்காத கேள்விகள்: ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

இன்றைய ஆசியச் சமூகங்களைப் பற்றிய மாணவர் ஆய்வுகளை மதிப்பிடும் துறைத் தலைவர்களுக்கும் ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆய்வுத் திட்டத்தோடு வரும் மாணவரிடம் நீங்கள் முதலில் கேட்பது, "இது எந்தத் துறையில் வரும்?" பல நல்ல ஆய்வுகள் அந்த இடத்திலேயே நின்றுபோகின்றன.

ராணா பிளாசாவை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்கா அருகே சாவரில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்த எட்டு மாடிக் கட்டடம். 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆடைத் தொழிலாளர்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்துவிட்டது. கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையல் ஆலைகளோ மறுநாள் காலை தொழிலாளர்களை உள்ளே வரச் சொன்னன. விரிசல் இருவருக்கும் பொதுதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான கட்டடத்தில் ஆலைகள் நடந்ததையும், மேல்தளத்தில் ஜெனரேட்டர்கள் அதிர்ந்ததையும் பொறியியல் மாணவர் சொல்வார். ஏற்றுமதி ஆர்டரின் கெடுவைப் பொருளியல் மாணவர் சொல்வார். விரிசலைப் பார்த்த பெண்களால் ஏன் மறுக்க முடியவில்லை என்பது, உயிர்பிழைத்தவர்களோடு வங்க மொழியில் பொறுமையாகப் பேசினால்தான் தெரியும். இதில் எதை விட்டாலும் அந்தக் காலை பாதிதான் புரியும்.

தென்கொரியாவும் அப்படித்தான். 2023இல் அங்கே கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 0.72. மக்கள்தொகையியல் எண்ணைத் தரும். வீட்டு விலை, டியூஷன் செலவு, பிள்ளை பெற்ற பெண்ணின் வேலை ஆகியவற்றைத் தேடி வேறு துறைகளுக்குத்தான் போக வேண்டும்.

பல துறை என்ற பெயரில் எல்லாமே நுனிப்புல் ஆகிவிடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. அப்படிப்பட்ட ஆய்வேடுகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஒரே நெறியாளர். மறுபாதியைச் சரிபார்க்க ஆளே இல்லை. ஆகவே இரண்டு துறைகளிலிருந்து இரண்டு நெறியாளர்களைக் கொடுங்கள். இருவரும் அத்தியாயங்களைப் படிக்க வேண்டும், பெயருக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. மொழி கற்கச் செலவாகும் மாதங்களை ஆய்வுக் காலமாகவே கணக்கிடுங்கள். இப்போது அது மாணவரின் சொந்த நேரமாகப் போய்விடுகிறது. அப்புறம், புறத்தேர்வாளர்களில் ஒருவராவது அந்த நாட்டு மொழி தெரிந்தவராக இருக்கட்டும். நேர்காணல்களின் மூலத்தை அவரால்தான் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி