பாளை அரிவாள் கொடுத்துவிட்டிருக்கிறேன்

அன்பு மக்களே,

நீ கேட்ட தாத்தாவின் பாளை அரிவாளைச் சின்ன மாமாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட என்றாய். கையால் தொட முடிவது பொருள்சார் பண்பாடு, மனதிலும் பழக்கத்திலும் இருப்பது பொருள்சாராப் பண்பாடு என்று போனில் சொன்னாய். சரி, அப்படியானால் அரிவாளோடு இதையும் சொல்.

மாசியில் ஏறத் தொடங்கினால் ஆடி வரை தாத்தா காலையும் மாலையும் பனையில்தான். பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, கீழே கலயம் கட்டுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அக்கானி, அதாவது பதநீர்; தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். எவ்வளவு தடவ வேண்டும் என்பது தாத்தாவின் விரலுக்குத்தான் தெரியும்.

கருப்பட்டி காய்ச்சுவது பாட்டி. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, திரண்டால்தான் சிரட்டையில் ஊற்றுவாள். ஒருநாள் பாட்டி கிணற்றடிக்குப் போன நேரம், நானே பதம் பார்த்து ஊற்றிவிட்டேன். ராத்திரி வரை உறையவே இல்லை. பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. மரச்சீனிக்கிழங்கை அவித்து, அந்தப் பாகைத் தொட்டு எல்லோரும் சாப்பிட்டோம். மறுநாள் அடுப்புப் பக்கத்திலேயே என்னை உட்கார வைத்துக்கொண்டாள்.

பொருள் முந்தி மாறிவிடும், பழக்கம் பின்தங்கி வரும் என்று ஆக்பர்ன் என்ற சமூகவியல் அறிஞர் 1922-இல் எழுதியதாகச் சொன்னாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் விளையில் பனையை வெட்டி ரப்பர் வைத்து எவ்வளவோ வருடமாயிற்று. ஆனாலும் பெரிய கார்த்திகை வந்தால் குருத்தோலை தேடி அலைகிறேன். பச்சரிசி மாவில் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் ஏலமும் சேர்த்து, ஓலைக்குள் பொதிந்து அவிக்கும்போது வரும் மணம் வாழையிலையில் அவித்தால் வருவதில்லை. என் பழக்கம் பின்தங்கியிருப்பதில் எனக்கு வருத்தமில்லை மக்களே. அது இருப்பதால்தான் இன்னும் யாரோ ஒருவரிடம் போய் ஓலை கேட்கிறேன்.

போன வருடம் இரணியல் பக்கம் பனையேறும் ஒருவரிடம் கேட்டேன். நாலு குருத்து வெட்டித் தந்தார். காசு நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கார்த்திகை ஓலைக்கு விலை சொல்ல மாட்டேன் என்றார். அரிவாளைக் காட்டும்போது அவரைப் பற்றியும் உன் பிள்ளைகளிடம் சொல்வாயா?

வகுப்பு முடிந்ததும் சுவரில் மாட்டப்போவதாகச் சொன்னாய். மாட்டு. ஆனால் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வை, துருப்பிடித்தால் எனக்குத் தாங்காது. பையில் மேலாக இருப்பது சிரட்டைக் கருப்பட்டி. ஈரம் பட்டால் இளகிவிடும், இறுக்கமான டப்பாவில் போட்டு மூடு. மாமாவைச் சாப்பிட வைத்து அனுப்பு.

அம்மா