நாட்சம்பளமும் கிலோக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளமா, பறிக்கும் கொழுந்தின் நிறைக்கேற்ற கொடுப்பனவா என்பதில் விவசாயப் பொருளியலாளர்கள் இரு பக்கமாக நிற்கின்றனர். நாட்டின் தேயிலையில் பெரும்பங்கைச் சிறு காணிகளில் தேயிலை வளர்க்கும் சிற்றுடைமையாளரே தருவதால், கொழுந்தின் நிறைக்கேற்ப வருமானத்தைப் பகிரும் முறையே தோட்டங்களுக்கும் ஏற்றது என்கிறது ஒரு தரப்பு. சிற்றுடைமையாளருக்குக் காணி சொந்தம், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கோ குடியிருக்கும் நிலம்கூடச் சொந்தமில்லை என்கிறது மறு தரப்பு. எனக்கு இரண்டாவது வாதமே கனமாகப் படுகிறது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டுக் கொழுந்து குறைந்தபோது, கிலோக் கணக்கு மட்டுமே நடைமுறையில் இருந்திருந்தால் அந்த இழப்பு யார் தலையில் விழுந்திருக்கும்? மழைநாளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கப்படும் இரண்டு மூன்று கிலோவை எந்தச் சமன்பாட்டில் சேர்க்கிறார்கள் என்பதையும் இரு தரப்பாரும் எழுதுவார்களாக.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்.