செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு, கோவை மாவட்டம் சோமனூரிலிருந்து

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெசவு செய்கிறவன். சென்ற வாரம் உங்களில் ஒருவருடைய நிருபரும் கேமராக்காரரும் எங்கள் தறிக்குடோனுக்கு வந்தார்கள். கூலி விஷயமாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நானும் என் மனைவியும் நம்பினோம். "சத்தமா இருக்குதுங்ணா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் அந்தத் தம்பி. எட்டையும் நிறுத்தினோம். ஓடுகிற தறியை நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினால், அந்த இடத்தில் துணியின் குறுக்கே கோடு விழும். பாவு, அதாவது நெய்வதற்கான நீளவாட்டு நூல், கொடுத்தவர் கண்ணில் பட்டால் கூலியில் பிடித்துக்கொள்வார். சரி, நம் கஷ்டம் நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் நிறுத்தினோம்.

மைக்கை நீட்டி அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஆளுநரைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" கூலியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "அது இன்னொரு நாள் பார்க்கலாங்ணா" என்று வண்டி ஏறிவிட்டார்கள்.

ஆளுநர் விஷயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் ஆர்.என். ரவி பதவியேற்ற பிறகு அவர் பேச்சில்லாத நாள் உங்கள் திரையில் குறைவாகவே இருந்தது. 2023 ஜனவரி 9 அன்று அவர் சட்டமன்றத்தை விட்டு வெளியேறிய காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எதிர்க்கட்சித் தலைவருக்குக் கிடைக்காத வெளிச்சம் அவருக்குக் கிடைத்தது. அவர் நிறுத்திவைத்த 10 மசோதாக்கள் பெரும்பாலும் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. கல்லூரியில் படிக்கிற மகள் எனக்கும் இருக்கிறாள். அந்த மசோதாக்களில் என்ன இருந்தது என்று நான் பார்த்த விவாதங்களில் ஒருவரும் விளக்கவில்லை. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதே பேச்சு.

அந்த மசோதாக்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2025 ஏப்ரல் 8. எங்களுக்கு அது போராட்டத்தின் 21-ஆம் நாள். மார்ச் 19 முதல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலித் தறிகள் நின்றுகிடந்தன. பாவு கொடுப்பவர்களோடு பேசி முடிக்கிற கூலி கைக்கு வருவதில்லை, அதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டோம். அப்புறம் கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதம் இருந்தோம். பந்தலில் உட்கார்ந்து செல்போனில் உங்கள் விவாதத்தைப் பார்த்தேன். நாங்கள் அதில் அடியில் ஓடிய ஒரு வரி.

தேர்தல் வந்தால் மட்டும் கொங்கு மண்டலம் யாருக்கு என்று மேப் போட்டு மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். அந்த மேப்பில் இருக்கிற ஊர்களில் மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்க வேண்டாமா? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு இரவு. விசைத்தறிக் கூலியைப் பற்றி ஒரு மணி நேரம், நெசவாளர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ஒரே ஒரு இரவுதான் கேட்கிறேன்.

வருவதற்கு முன்பு தயவுசெய்து சொல்லிவிட்டு வாருங்கள். பாவு தீர்கிற நாளாகப் பார்த்துச் சொல்கிறேன். அன்றைக்குத் தறியை நிறுத்தினாலும் துணி கெடாது.

இப்படிக்கு,
சோமனூர் கூலி நெசவாளர் ஒருவர்