குமரனுக்கு: கான்ஃபிகர் சொல்லாமல் விடுபவை

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
ஆகஸ்ட் 2024

அன்புள்ள குமரா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உன் மகள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மாலை நேரத் தமிழ் வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறாள் என்று படித்தபோது, சென்னை விடுதியில் நாம் இருவரும் ஒரே அகராதியைப் பங்கிட்டுக்கொண்ட நாள்கள் நினைவுக்கு வந்து மனம் நிறைந்தது. இங்கே அம்மா நலமாக இருக்கிறார். குளிர்காலமானதால் மூட்டுவலிதான் சற்றுக் கூடியிருக்கிறது. பழைய தமிழ் அச்சுத் தாள்களைக் கணினியைக் கொண்டு படிக்கவைக்கும் வேலையை எப்படிச் செய்து முடித்தேன் என்றும், ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடும் உன் கணினியில் அதையே செய்ய எண்ணுவதால் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். எனக்கு இதில் மூன்று வாரம் போயிற்று. உனக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஆண்டு ஜனவரி 15 அன்று பெலால் புயலின் வெள்ளம் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை அடித்துச் சென்றதை நீ செய்தியில் பார்த்திருப்பாய். அன்று என் பெரியப்பா வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த இரண்டு பெட்டிகள் நனைந்துபோயின. காவடித் திருவிழா அறிவிப்புகள், கல்யாணப் பத்திரிகைகள், தாத்தா சேர்த்துவைத்த பக்திப் பாட்டுத் துண்டுநூல்கள் என எல்லாம் அவற்றில் இருந்தன. நிழலில் உலர்த்தி எடுத்தவற்றில் படிக்கக்கூடியதை எல்லாம் ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கி, தாள் கையில் இருக்கும்போதே சரிபார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். வீட்டில் இருந்த பழைய ஸ்கேனர் ஒரே ஒரு கணினியோடுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. அது கோர் 2 டுவோ செயலி கொண்டது. 2015-இல் வெளிவந்த டெபியன் 8 இயங்குதளம் அதில் ஓடுகிறது. ஆகவே மென்பொருளும் அந்தக் கணினியிலேயே ஓடியாக வேண்டும்.

டெபியன் 8-இல் உள்ள எழுத்துணரி மென்பொருளான டெசராக்ட் 3.03 தமிழை மிகவும் திணறித்தான் படித்தது. ஹியூலட் பக்கார்டு ஆய்வகத்தில் பிறந்து 2005-இல் திறமூலமாக்கப்பட்ட அந்த மென்பொருள், 2018 அக்டோபரில் வெளிவந்த 4.0 பதிப்பில்தான் நரம்பு வலையமைப்பு முறைக்கு மாறியது. தமிழுக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. பதிப்பு 5-க்கு சி++17 என்ற நிரல்மொழித் தரத்தை அறிந்த கம்பைலர் (மூல நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவமாகத் தொகுக்கும் கருவி) வேண்டும், இந்தக் கணினியில் இருக்கும் ஜிசிசி 4.9-க்கு அது முழுமையாகத் தெரியாது. எனவே 4.1 வரிசையின் மூல நிரலை எடுத்து நானே தொகுப்பது என்று இறங்கினேன்.

முதல் தடை கான்ஃபிகர் கோப்பை உருவாக்கும்போதே வந்தது. கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று சோதித்து, தொகுப்பதற்கான அமைவைத் தீர்மானிக்கும் நிரல் அது. களஞ்சியத்திலிருந்து எடுத்த மூல நிரலில் கான்ஃபிகர் இருக்காது. ஆட்டோஜென் என்ற சிறு நிரலை ஓட்டித்தான் அதை உண்டாக்க வேண்டும். ஓட்டினேன். பிறகு கான்ஃபிகரை இயக்கியபோது, ‘லெப்டோனிகா’ என்ற சொல்லுக்கு அருகே இலக்கணப் பிழை இருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டது. மென்பொருளை எழுதியவர்களின் பிழை என்றே அரை நாள் எண்ணியிருந்தேன். உண்மையில் பிகேஜி-கான்ஃபிக் என்ற துணைக்கருவியை நான் நிறுவியிருக்கவில்லை. அது தரும் மேக்ரோ (ஒரு சுருக்க வரியை விரித்தெழுதும் விதி) இல்லாததால், கான்ஃபிகரை எழுதித்தரும் ஆட்டோகான்ஃப் அந்த வரியை விரிக்காமல் எழுதியபடியே கான்ஃபிகருக்குள் விட்டுவிட்டது. கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல் அதைப் படித்தபோது அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. கருவியை நிறுவி ஆட்டோஜென்னை மீண்டும் ஓட்டியவுடன் சரியாயிற்று.

அடுத்து, லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும் என்று கான்ஃபிகர் தெளிவாகச் சொல்லி நின்றது. டெசராக்ட் படங்களைத் திறப்பதும் செம்மைப்படுத்துவதும் இந்த லைப்ரரியின், அதாவது பிற மென்பொருள்கள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுதியின், வழியாகத்தான். டெபியன் 8-இல் இருப்பதோ 1.71. இப்படி வெளிப்படையாகச் சொல்லி நிற்கும் பிழைகளால் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எதுவும் இழப்பில்லை. லெப்டோனிகாவையும் மூலத்திலிருந்து தொகுத்து, வழக்கமான யுஎஸ்ஆர்-லோக்கல் கோப்பகத்தில் நிறுவினேன். நிறுவிய பின் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்ட மறந்ததால், புதிய லைப்ரரி கண்ணெதிரே இருந்தும் டெசராக்ட் அதைக் காணவில்லை என்றது. இயங்குநேர இணைப்பான் ஒவ்வொரு முறையும் கோப்பகங்களை எல்லாம் துழாவுவதில்லை, முன்பே தொகுத்துவைத்த பட்டியலைத்தான் பார்க்கிறது. அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பது நம் கடமை.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கு அடுத்து நடந்தது. எல்லாம் பிழையின்றி முடிந்து, ஸ்கேன் செய்த முதல் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன். ‘ஃபங்ஷன் நாட் பிரசென்ட்’ என்று ஒரு வரி வந்து நின்றது. எங்கள் ஸ்கேனர் தருவது டிஃப் என்ற வகைப் படக்கோப்பு. லெப்டோனிகாவை அமைக்கும்போது, டிஃப், பிஎன்ஜி, ஜேபெக் ஆகியவற்றுக்கான லைப்ரரிகள் இருக்கின்றனவா என்று கான்ஃபிகர் ஒவ்வொன்றாகச் சோதிக்கும். இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லையென்றால் பிழை சொல்லாது, அந்த வசதியை விட்டுவிட்டு மேலே போய்விடும். திரையில் ஓடிய நூற்றுக்கணக்கான ‘செக்கிங்’ வரிகளுக்கு நடுவே டிஃபுக்கு எதிரே ‘நோ’ என்ற ஒரே சொல் வந்து மறைந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அந்த வசதி இருக்க வேண்டிய இடத்தில் வெற்று உறை ஒன்று வைத்துத் தொகுக்கப்பட்டு, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற மூன்று கட்டளைகளும் வெற்றி என்றே முடிந்தன.

டிஃப் லைப்ரரி கணினியில் இல்லாமல் இல்லை. படம் பார்க்கும் மென்பொருள் அதே கோப்பை நன்றாகத் திறந்தது. ஆனால் டெபியனில் ஒரு லைப்ரரியை இயக்கத் தேவையானது ஒரு பொதியிலும், அதைக் கொண்டு புதிதாகத் தொகுக்கத் தேவையான தலைப்புக் கோப்புகள் ‘டெவ்’ என்று முடியும் வேறொரு பொதியிலும் இருக்கும். இரண்டாவது பொதி இல்லாவிட்டால் கான்ஃபிகரின் கண்ணுக்கு அந்த லைப்ரரியே இல்லை.

ஆகையால் குமரா, உனக்கு எந்த வசதி கட்டாயம் வேண்டுமோ அதை வாய்திறந்து கேள். கான்ஃபிகருக்கு ‘வித்-லிப்டிஃப்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், லைப்ரரி கிடைக்காதபோது அது மௌனமாகக் கடந்துபோகாமல், ‘கேட்டீர்கள், கிடைக்கவில்லை’ என்ற பிழையோடு அங்கேயே நிற்கும். அவ்வாறே வேண்டாதவற்றை ‘வித்தவுட்’ என்று சொல்லி விலக்கு. இரண்டும் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும் அந்த நேரத்தில் அந்தக் கணினியில் தற்செயலாக என்ன இருந்ததோ அதுவே தீர்மானிக்கிறது. அதே மூல நிரல், அதே கட்டளை, இரண்டு கணினிகளில் இரண்டு வேறு மென்பொருள்களாக விளைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தொகுத்து முடித்ததும் டெசராக்டிடம் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார். லெப்டோனிகாவின் எண்ணுக்குக் கீழே ஜேபெக், பிஎன்ஜி, டிஃப் என்று இணைந்துள்ள லைப்ரரிகளை வரிசையாகக் காட்டும். அந்த வரியில் டிஃப் இல்லையென்றால் மேற்கொண்டு எதுவும் செய்யாதே.

கம்பைலர் கொடிகளிலும், அதாவது எப்படித் தொகுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் குறிப்புகளிலும், ஒரு தவறு செய்தேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பழைய கணினி மெதுவாகத் தொகுத்ததால், என் மடிக்கணினியில் சிஎச்ரூட் முறையில் அதே டெபியன் 8-ஐ ஒரு கோப்பகத்துக்குள் நிறுவி, அங்கே தொகுத்து எடுத்துவரலாம் என்று எண்ணினேன். வேகம் கூடட்டும் என்று சி-ஃபிளாக்ஸ் மாறியில் ‘மார்ச்-நேட்டிவ்’ என்று மட்டும் எழுதினேன். அது ‘தொகுக்கும் கணினியின் செயலிக்கு ஏற்ற கட்டளைகளை எல்லாம் பயன்படுத்து’ என்று பொருள்படும். என் மடிக்கணினி ஏவிஎக்ஸ் கட்டளைகளை அறிந்தது; 2011-இல்தான் இன்டெல் செயலிகளுக்கு வந்த அவற்றைக் கோர் 2 டுவோ கேள்விப்பட்டதே இல்லை. எடுத்துவந்து ஓட்டிய கணமே, செல்லாத கட்டளை என்று சொல்லி நிரல் இறந்தது. அதே வரியில் இன்னொரு பிழையும் இருந்தது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆட்டோகான்ஃப், ஜிசிசிக்குப் பிழைதேடும் தகவலையும் ஓ-2 என்ற செம்மையாக்க நிலையையும் தானே கொடுக்கும். நாம் சி-ஃபிளாக்ஸை எழுதிவிட்டால் அந்த இயல்பு மதிப்பு முழுவதும் நீங்கி நாம் எழுதியது மட்டுமே நிற்கும். வேகம் வேண்டும் என்று எழுதிய நான், லெப்டோனிகாவை எந்தச் செம்மையாக்கமும் இல்லாமல் தொகுத்திருந்தேன். லெப்டோனிகா சி மொழியில் எழுதப்பட்டது, டெசராக்ட் சி++ மொழியில். முன்னதற்கு சி-ஃபிளாக்ஸ், பின்னதற்கு சிஎக்ஸ்எக்ஸ்-ஃபிளாக்ஸ். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

கொடிகளைத் திருத்திய பின், தொகுக்கும் வேலையை நடத்தும் மேக் கட்டளையை மறுபடி ஓட்டியபோது, எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றது. பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய நாளிலிருந்து மேக் நம்புவது கோப்புகளின் நேர முத்திரையைத்தான். மூலக் கோப்பு மாறவில்லை என்றால், கொடிகள் மாறியிருந்தாலும் அது மீண்டும் தொகுக்காது. அதனால் இப்போது நான் மூலக் கோப்பகத்துக்குள் எதையும் தொகுப்பதில்லை. பக்கத்தில் வெற்றுக் கோப்பகம் ஒன்றை உண்டாக்கி, அங்கிருந்து கான்ஃபிகரை அழைக்கிறேன். அமைவில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பகத்தை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறேன். நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது, ஆனால் கையில் இருப்பது எந்தக் கொடிகளால் விளைந்தது என்ற ஐயம் இல்லை.

கான்ஃபிகருக்குக் கொடுத்த முழு வரியையும் ஒரு சிறு ஷெல் கோப்பில் எழுதி, ஒவ்வொரு தெரிவுக்கும் அருகே அதை ஏன் தெரிந்தெடுத்தேன் என்று தமிழில் ஒரு குறிப்பும் வைத்திருக்கிறேன். அதை எழுதிவைக்கத் தவறினாலும் வழி உண்டு: கான்ஃபிகர் எழுதிவைக்கும் கான்ஃபிக்-லாக் கோப்பின் தொடக்கத்திலேயே நீ கொடுத்த கட்டளை பதிவாகியிருக்கும். ஏதாவது ஒரு சோதனைக்கு ‘நோ’ என்று வந்தால் காரணத்தையும் அங்கேயே தேடு. சோதனைக்காக எழுதிய சிறு நிரலும், அதைத் தொகுத்தபோது கம்பைலர் சொன்ன பிழையும் அதில் அப்படியே கிடக்கும். அந்தக் கோப்பை முதல் நாளே படித்திருந்தால் எனக்கு ஒரு வாரமாவது மிஞ்சியிருக்கும்.

உன் ஃபிரீபிஎஸ்டிக்கு வருகிறேன். அங்கே மேக் என்று சொன்னால் வருவது பிஎஸ்டி மேக்; இத்தகைய மென்பொருளுக்குக் குனூ மேக் தேவைப்படலாம், அதன் பெயர் அங்கே ஜிமேக். பிறகு, நிறுவும் லைப்ரரிகள் எல்லாம் யுஎஸ்ஆர்-லோக்கலில் போய்ச் சேரும், ஆனால் உடன்வரும் கம்பைலர் தானாக அங்கே தலைப்புக் கோப்புகளைத் தேடாது. சிபிபி-ஃபிளாக்ஸ் மாறியில் அங்குள்ள இன்க்ளூட் கோப்பகத்தையும், எல்டி-ஃபிளாக்ஸ் மாறியில் அங்குள்ள லிப் கோப்பகத்தையும் நீயே சொல்ல வேண்டும். ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் இருந்தால் எது முன்னே தேடப்படுகிறது என்பதையும் பார்த்துக்கொள். 1998-இல் எங்கள் ரூபாய்த் தாளில் தமிழின் இடம் மாற்றி அச்சிடப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன. வரிசையில் எது முன், எது பின் என்பதன் எடையை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உன் கணினி அண்மைக் காலத்தது என்றால், இவ்வளவு பாடு படாமல் ஃபிரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பிலிருந்தே டெசராக்டை எடுத்துக்கொள் என்பதுதான் என் அறிவுரை. அங்கே ‘மேக் கான்ஃபிக்’ என்று சொன்னால் தெரிவுகள் ஒரு பெட்டியில் விரியும். நீ குறித்தவை சேமிக்கப்பட்டு அடுத்த முறையும் அவ்வாறே பின்பற்றப்படும். நான் ஷெல் கோப்பில் கையால் எழுதிவைப்பதை அது தானே செய்கிறது. தமிழுக்கான பயிற்சித் தரவுக் கோப்பை மறந்துவிடாதே. பதிப்பு 3-க்கான தரவு நரம்பு வலையமைப்புக்கு உதவாது. அத்துடன், அந்தத் தரவு இருக்கும் இடத்தைச் சொல்லும் டெஸ்டேட்டா-ப்ரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறி, பதிப்பு 3-இல் தரவுள்ள டெஸ்டேட்டா கோப்பகத்துக்கு மேல் கோப்பகத்தைக் குறித்தது, 4-இலிருந்து டெஸ்டேட்டா கோப்பகத்தையே குறிக்கிறது. பழைய அமைவு எங்காவது மிச்சம் இருந்தால் நீக்கிவிடு.

இப்போது நாளொன்றுக்கு நாற்பது தாள் வரை ஓடுகிறது. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சிட்டவற்றில் ‘லை’, ‘ணை’, ‘னை’ ஆகியவை யானைக்கொம்போடு வரும் இடங்களில் இன்னும் தவறுகிறது. அவற்றை என் தங்கை உடனிருந்து திருத்துகிறாள். போன ஞாயிறு தாத்தாவின் கல்யாணப் பத்திரிகை அகப்பட்டது. ஓரங்களில் நீர்க்கறை படிந்திருந்தும், இரு குடும்பத்துப் பெயர்களையும் கணினி ஓர் எழுத்துப் பிழையின்றிப் படித்தது. அம்மாவுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டினேன்.

நீ தொடங்கும்போது உன் கான்ஃபிக்-லாக் கோப்பை எனக்கு முழுதாக அனுப்பு, சேர்ந்து படிப்போம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
தேவன்