எந்தக் கடல் வேண்டும், வசு?

அன்புள்ள வசு,

உன் கடிதம் வந்ததும் முதலில் திருக்கடையூர் படங்களைத்தான் பார்த்தேன். அறுபதாம் கல்யாணத்துக்கு நீ கட்டியிருந்த அரக்குப் புடவையும், உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து மாலை வாங்கிக்கொள்கிற அழகும் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. வர முடியாமல் போனது இன்னும் மனசை அறுக்கிறது. மாமியாருக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். இப்போது நன்றாக இருக்கிறார், பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார்.

இங்கே பெரிய செய்தி என்னவென்றால், எங்கள் மாட்டுங்கா கட்டடம் கடைசியில் ரீடெவலப்மெண்டுக்குப் போகிறது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். சொசைட்டி கூட்டங்களில் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த விஷயம், எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மார்ச் வரை இருக்கலாம். அதற்குள் பக்கத்திலேயே வாடகை வீடு தேட வேண்டும். பொண்ணு பிறந்து வளர்ந்த வீடு, மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்டாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவளோ புனேயிலிருந்து போன் பண்ணி, 'புது வீட்டில் லிஃப்ட் இருக்குமே அம்மா' என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான், மூன்றாம் மாடி ஏற மாமியாரால் முடியவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் சேர்ந்து உங்கள் இரண்டு பேருக்கும் மும்பையில் நாலு ராத்திரி நல்ல ஹோட்டலில் தங்கப் பணம் கட்டுகிறார்கள் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 'உன் வீடு இருக்கும்போது ஹோட்டலா என்று கோபித்துக்கொள்வாயோ' என்று கேட்டிருக்கிறாய். கோபமே இல்லை டி. கல்யாணமான நாளிலிருந்து நீ போன ஊரிலெல்லாம் யார் வீட்டுக் கூடத்திலாவது பாய் விரித்துப் படுத்து, விடிவதற்குள் எழுந்து அந்த வீட்டுக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் பார்க்கக் கிளம்பியிருக்கிறாய். இந்தத் தடவை உனக்கு யாராவது காபி கொண்டுவந்து கதவைத் தட்டட்டும்.

உன் பையன் அனுப்பிய மூன்று ஹோட்டல் படங்களையும் பார்த்தேன். மூன்றிலும் நீச்சல்குளம், மூன்றிலும் வெள்ளை மெத்தை, எந்த ஊர் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்று ஏர்போர்ட் பக்கம், ஒன்று பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் (பி.கே.சி.), ஒன்று லோயர் பரேல். ஹோட்டலாக எதிலும் குறை கிடையாது. ஃபோர்ட்டில் எங்கள் ஆபீஸுக்கு வருகிற வெளியூர் ஆட்களுக்கு ரூம் போட்டுக்கொடுக்கிற வேலை பல வருஷம் என் மேஜையில்தான் இருந்தது, அதனால் தெரிந்துதான் சொல்கிறேன். மீட்டிங்குக்கு வருகிறவர்களுக்கு பி.கே.சி. நல்ல இடம். ஊர் பார்க்க வருகிறவர்கள் அங்கே தங்கினால் விடுமுறையில் பாதி கார் ஜன்னலிலேயே கழிந்துவிடும். லோயர் பரேல் முன்பு பஞ்சாலைகள் இருந்த இடம். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, இப்போது அந்த நிலத்தில் மால்களும் வானளாவிய கட்டடங்களும் நிற்கின்றன. மேல் மாடியிலிருந்து பார்த்தால் நகரம் பிரமாதமாகத் தெரியும், கீழே இறங்கினால் காலாற நடக்க வழியில்லை. நீங்கள் இரண்டு பேரும் காலையில் நடக்கிறவர்கள். குளித்துவிட்டு வாசலில் இறங்கினால் காலுக்கு முன்னால் ஊர் இருக்க வேண்டும், அதுதான் நான் பார்க்கிற முதல் விஷயம்.

அதனால் தெற்கு மும்பை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே நிலம் ஒடுங்கி நாக்கு மாதிரி கடலுக்குள் நீண்டு கிடக்கிறது, கிழக்கே துறைமுகம், மேற்கே அரபிக்கடல். ஹோட்டல் பெயரை அப்புறம் பார்க்கலாம். ஜன்னலில் சூரியன் உதிக்க வேண்டுமா, மறைய வேண்டுமா? அதை முதலில் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள்.

மறைய வேண்டும் என்றால் மரைன் டிரைவ், மேற்குக் கடலோரமாக வளைந்து போகிற ரோடு. அதன் தெற்கு முனை நரிமன் பாயிண்டில் ஓபராய், டிரைடண்ட் என்று இரண்டு ஹோட்டல்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ஓபராய் கொஞ்சம் அமைதி, விலையும் கூட. சாயங்காலம் வெயில் தணிந்ததும் கீழே இறங்கிக் கடல் சுவரில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. இருட்டியதும் வளைவு முழுக்க விளக்கு எரியும், குயின்ஸ் நெக்லஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஓவல் மைதானம். அதன் கிழக்கே உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரமும், கல்லில் செதுக்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டு கோதிக் கட்டடங்கள். மேற்கே 1930களில் கட்டிய ஆர்ட் டெகோ குடியிருப்புகள், வளைந்த பால்கனியும் இளம் வண்ணமுமாக. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்து 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உன் வீட்டுக்காரர் சிவில் என்ஜினியர், அந்த மைதானத்தில் அவரை விட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்.

உதிக்க வேண்டும் என்றால் கொலாபா, அங்கே தாஜ்மகால் பேலஸ். என் ஓட்டு இதற்குத்தான். ஜம்ஷெட்ஜி டாடா கட்டியது, 1903இல் திறந்தார்கள். எதிரில் இருக்கிற கேட்வே ஆஃப் இந்தியா 1924இல்தான் முடிந்தது, ஆக முதல் இருபது வருஷம் அந்த ஹோட்டலுக்கு முன்னால் வெறும் கடல்தான். முதலில் வாசல் ஊர்ப் பக்கம் இருந்தது, இப்போது நீச்சல்குளம் இருக்கிற இடம்.

ஆனால் இதை உன் பையனுக்கு அப்படியே அனுப்பு, வசு: அங்கே இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. குவிமாடம் வைத்த பழைய கட்டடம் பேலஸ் விங். 1970களில் பக்கத்தில் எழுப்பிய உயரமான கட்டடம் டவர் விங். குறைந்த விலையில் 'தாஜில் ரூம்' என்று வருவது பெரும்பாலும் டவரில், ஊர்ப் பக்கம் பார்த்த ரூம். அதுவும் வசதியான ரூம்தான், ஆனால் உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு அது போதாது. புக்கிங்கில் 'பேலஸ் விங்' என்றும் 'சீ ஃபேசிங்' அல்லது 'சீ வியூ' என்றும் இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். 'கேட்டுப் பார்க்கிறோம், காலியாக இருந்தால் தருகிறோம்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நான் ரூம் போட்ட காலத்தில் இன்னொரு ஹோட்டலில் அப்படி வாய் வார்த்தையை நம்பி வந்த ஒரு வயதான தம்பதிக்கு, ஜன்னலைத் திறந்தால் ஏசி மெஷின் வரிசை தெரிகிற ரூம் கிடைத்தது.

பேலஸ் விங்கில் அந்தப் பெரிய மாடிப்படியில் ஒரு தடவையாவது ஏறு, லிஃப்ட் வேண்டாம். முதல் மாடியில் சீ லவுஞ்ச், மத்தியானத்துக்கு மேல் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடிக்கிற இடம், படகுகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழே லாபியில் ஒரு நினைவிடம் இருக்கிறது. 2008 நவம்பர் தாக்குதலில் அந்த ஹோட்டலில் இறந்த 31 பேரின் பெயர்கள். அங்கே ஒரு நிமிஷம் நில். விருந்தாளிகளைப் பத்திரமாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஊழியர்களில் சிலரும் அதில் உண்டு. அந்த ஹோட்டல்மேல் இந்த ஊருக்கு இருக்கிற பாசம் அங்கே நின்றால்தான் புரியும். 2010 ஆகஸ்ட் 15 அன்று பழைய கட்டடத்தைத் திரும்பத் திறந்தபோது எங்கள் வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆடம்பரத்தைவிட அழகுதான் முக்கியம் என்றால், ரீகல் சினிமாவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய மாளிகையின் மாடியில் அபோட் என்று சின்ன ஹோட்டல் இருக்கிறது. பழைய மரச்சாமான், தரையில் பூ ஓடு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நீச்சல்குளம், கடல் ஜன்னல் எல்லாம் கிடையாது. பிள்ளைகள் மனசு வைத்துச் செய்கிற இந்தத் தடவைக்கு வேண்டாம்.

பணம். 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ரூமுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, ஆன்லைனில் முதலில் காட்டுகிற தொகையில் பல சமயம் அது சேர்ந்திருக்காது. காலை உணவு சேர்த்தா, தனியா என்று கேட்கச் சொல். தனி என்றால் இரண்டு பேர் சாப்பிடும் பில் கண்ணைக் கட்டும். செக்-இன் பொதுவாகப் பகல் 2 மணிக்குத்தான், காலை விமானத்தில் வந்தால் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புது வருஷம் வரை வேண்டவே வேண்டாம், விலை ஏறிக் கிடக்கும். ஜனவரி இரண்டாம் வாரம் நல்லது, காற்றும் குளிர்ச்சியாக இருக்கும். மூன்றாவது ஞாயிறு மாரத்தான், தெற்கு மும்பையில் பாதி ரோடு காலையில் மூடிவிடுவார்கள், அன்றைக்குக் கிளம்புகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை எலிஃபண்டா குகைகள் மூடியிருக்கும். கேட்வேயிலிருந்து படகில் ஒரு மணி நேரம்தான், சுமார் 20 அடி உயர மூன்று முகச் சிவனை நீ பார்க்காமல் போகக் கூடாது.

இப்போது என் யோசனை. நாலு ராத்திரிக்கு டவரில் ஊர்ப் பக்க ரூம் போடுகிற பணத்தில், இரண்டு ராத்திரி பேலஸில் கடல் பக்கம் போடச் சொல். முழுசாகச் சரிக்குச் சரி வராது, கொஞ்சம் கூடத்தான் ஆகும், இருந்தாலும் அதுதான் சரி. ஹோட்டலில் இரண்டாம் ராத்திரிக்கு மேல் எல்லாம் பழகிவிடும். மீதி இரண்டு ராத்திரி மாட்டுங்காவில், இந்த வீட்டில். காய் நறுக்க விடமாட்டேன், சத்தியம். காலையில் கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்து போய் கஃபே மெட்ராஸில் வரிசையில் நின்று ரசம் இட்லி சாப்பிடலாம், பூக்கடைத் தெருவில் உனக்கு மல்லி வாங்கித் தருகிறேன். ஹோட்டலிலிருந்து கிளம்பும்போது சாமான் குறைவாக இருந்தால் ஹுதாத்மா சௌக்கில் மெட்ரோ ஏறித் தாதரில் இறங்கிவிடுங்கள், அங்கிருந்து டாக்ஸிக்குக் கொஞ்ச தூரம்தான். சாமான் அதிகமென்றால் நான் வண்டி கொண்டுவருகிறேன்.

அவரிடம் பேசிவிட்டு இந்த வாரத்துக்குள் தேதியைச் சொல். கடல் பக்க ரூம்கள் கம்மி, பிள்ளைகள் சீக்கிரம் புக் பண்ணினால்தான் கிடைக்கும். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே, அதையும் சேர்த்து எழுது.

உன்,
ஜெயா